பெருந்தொற்றும் நம் வீட்டுப் பெரியவர்களும்



நம் நாட்டில் கோவிட்-19 நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் ஜொகூர் மாநிலத்தில்தான். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், சிங்கப்பூர் வழியாக ஜொகூருக்கு வந்திருந்த சீன நாட்டுப் பயணிகள் மூவரிடம் அந்நோய் காணப்பட்டது. அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்த தைப்பூசத்தை நாம் வழக்கம்போலவே கொண்டாடினோம். மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, சாலைத் தடுப்புகள் எழுந்து, கோயில் கதவுகளும் பள்ளிக் கதவுகளும் சாத்தப்பட்டபோதுதான் நிலைமையின் கடுமை நம்மில் பலருக்கு உறைத்தது.

நோய்க்கிருமியைப் பற்றி மருத்துவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது வேறு. அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி மாறிற்று, அவர்களைப் பேணும் முறை எப்படி மாறிற்று, அந்த மாற்றங்களில் எவையெவை இன்னும் நம் வீடுகளில் தங்கியிருக்கின்றன என்பதே இன்றைய பேச்சு. நான் செனாய் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது என் தொழில் என்றாலும், தாத்தா பாட்டிமார்களை அறியாமல் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருக்க முடியாது. பல வீடுகளில் தாயும் தந்தையும் விடியுமுன்பே வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்து, பள்ளிக்கு அனுப்புவதெல்லாம் பெரியவர்களின் பொறுப்புத்தான்.

செனாயை அறியாத நேயர்களுக்காக ஓரிரு சொல். ஜொகூர் பாருவுக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கூலாய் மாவட்டத்தில் உள்ள ஊர் இது. வெளியூர்க்காரர்களுக்குச் செனாய் என்றால் விமான நிலையம். அது 1974-இல் திறக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இவ்வட்டாரத்தை வாழவைத்தவை ரப்பர்த் தோட்டங்கள். பின்னர் செம்பனை வந்தது. அதற்கும் பின்னால் தொழிற்சாலைகளும் தாமான்களும் வந்தன.

இன்று எழுபது, எழுபத்தைந்து வயதில் இருக்கும் நம் பெரியவர்களில் பலர் பால்வெட்டித் தேய்ந்த கைகளை உடையவர்கள். இருட்டோடு எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, தீம்பாருக்கு நடந்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்குப் பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தவர்கள். உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வேலை ஓய்ந்த பின்பும் அந்த நடை ஓயவில்லை. காலையில் கோயில், அங்கிருந்து சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக், அதற்கு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு சந்தை, சாவு வீடோ கல்யாண வீடோ என்றால் முதல் ஆளாய்ப் போய் உட்கார்தல். வேலையில்லாத கிழடுகள் பொழுதைப் போக்குகிறார்கள் என்று இளையவர்கள் இதைப் பார்த்து நகைப்பதுண்டு. ஆனால் அந்தப் பெரியவர்களின் கால்களுக்கு வலுவும், காதுக்கு வேலையும், மனத்திற்குத் தெம்பும் கொடுத்துவந்தது அந்தச் சுற்றுத்தான். ஆணை வந்த அன்று அது ஒரே நாளில் நின்றது.

ஜொகூர்க்காரர்களுக்கு இதோடு இன்னொரு இடியும் சேர்ந்தது. நோய் வருவதற்கு முன் நாள்தோறும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார்கள். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளந்தான். அதிகாலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுகிற மகன் இரவு எட்டுக்கோ ஒன்பதுக்கோ களைத்து வருவான்; ஆனால் வந்துவிடுவான். அப்பாவின் மருந்து, அம்மாவின் மருத்துவமனைத் தவணை, மின்சாரக் கட்டணம், தேய்ந்த செருப்பு வரையில் எல்லாம் அவன் வருகையை நம்பியிருந்தன.

2020 மார்ச் 18-இல் பாலத்தில் அந்தப் போக்குவரத்து நின்றது. முந்தின நாள் பைகளுடன் ஓடி அக்கரை சேர்ந்தவர்கள் இரண்டு வாரந்தானே என்று போனார்கள். முதல் அறிவிப்பில் மார்ச் 31 வரை என்றுதான் இருந்தது. ஆகஸ்ட் 17-இல் ஒரு சிறு வழி திறந்தது. சிங்கப்பூரில் குறைந்தது மூன்று மாதம் தங்கி வேலை செய்தால் விடுப்பில் ஊர் வரலாம். ஆனால் பரிசோதனை உண்டு, தனிமைப்படுத்தல் உண்டு. 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்காகப் பேருந்துகள் விட்டார்கள். 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் பாலம் பழையபடி திறந்தது. பிரிட்டிஷ் படை 1942 ஜனவரி 31-இல் அதே பாலத்தை வெடிவைத்துத் தகர்த்த கதையைத் தங்கள் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருந்த சில முதியவர்கள், "ஜப்பான்காரன் காலம் திரும்பி வந்துவிட்டதா?" என்று என்னிடமே கேட்டார்கள்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். பாட்டிக்கு எழுபத்திரண்டு வயது. இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மகன் அக்கரையில். மருமகள் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் எஞ்சியவன் மூன்றாம் ஆண்டு படிக்கும் பேரன். பள்ளி மூடியிருந்ததால் பாடத்தாள்களை நாங்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்படிப் போனபோது நான் கண்டது இது: மருந்துப் பொட்டலத்தில் மலாய் மொழியில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்து, எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை இரவில் என்று பாட்டிக்கு எடுத்துக் கொடுப்பவன் அந்த ஒன்பது வயதுப் பையன்தான். அவன் அதைச் சரியாகவே செய்தான். என்றாலும் ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடிய பாரமா அது? ஆணை நீடித்த மாதங்களில் தோட்டங்களிலும் தாமான்களிலும் இப்படி எத்தனை பிள்ளைகள் மருந்துக்காரர்களாக இருந்தார்களோ!

இனி உடம்புக்கு வருவோம். வயதான உடம்பு ஓய்ந்து கிடந்தால் எவ்வளவு விரைவில் தளர்ந்துவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு உண்டு. நோயில்லாத முதியவர்கள் சிலரைப் பத்தே பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்து அளந்து பார்த்தார்கள். அவர்களின் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. பத்து நாளுக்கே இப்படி. நம் பெரியவர்கள் படுக்கையிலேயே கிடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நாற்காலியிலிருந்து தொலைக்காட்சி, தொலைக்காட்சியிலிருந்து கட்டில் என்று மாதக்கணக்கில் இருந்தார்கள். இளையவர் இழந்த தசையை ஒரு மாதத்தில் திரும்பப் பெற்றுவிடலாம். எழுபதுக்கு மேல் அது எளிதில் திரும்புவதில்லை. கால் தளர்ந்தவர் குளியலறையில் வழுக்கி விழுவார், இடுப்பெலும்பு முறியும், அதன்பின் படுக்கை. ஒன்றன்பின் ஒன்றாக வருகிற சங்கிலி அது.

நம்மவர்களுக்கு இதில் இன்னுமோர் இடர் இருக்கிறது. சுகாதார அமைச்சு 2019-இல் எடுத்த கணக்கின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு. நடந்தால் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். நடையும் நின்று, வீட்டில் சும்மா இருக்கிறார்களே என்று மாலைதோறும் பலகாரமும் இனிப்புத் தேநீரும் வந்தால் சர்க்கரை எங்கே போகும்?

முகக்கவரி நோயைத் தடுத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் காது மந்தமான பெரியவர்கள் பாதியைக் காதாலும் மீதியை நம் உதட்டசைவைப் பார்த்தும் புரிந்துகொள்கிறவர்கள். உதடு மறைந்தது, ஒரு மீட்டர் தள்ளி நின்று பேச வேண்டியும் வந்தது. கிளினிக்கில் தாதி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "என்ன சொன்னாங்க?" என்று கேட்ட தாத்தாக்களை நாம் பார்த்தோம். நாளடைவில் சிலர் கேட்பதையும் விட்டுவிட்டார்கள். காது மந்தமும் தனித்திருப்பதும் மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில் சேர்ந்தவை என்று மருத்துவ உலகம் 2020-இல் மீண்டும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. பேச்சுத் துணை இல்லாமற் போவதை வெறும் மனக்குறை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மருத்துவமனைகள் நோயாளிகளால் நிரம்பியபோது, அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். மருத்துவர்களின் கணக்கில் கண்புரை அவசரமில்லாததுதான். ஆனால் இரண்டு கண்ணும் மங்கிய பாட்டிக்கு ஓராண்டு தள்ளிப்போவது என்பது ஓராண்டு இருட்டு. பல் மருத்துவமும் அப்படித்தான். பொய்ப்பல் உடைந்தவர்கள் கஞ்சிக்கும் ரொட்டிக்கும் மாறினார்கள். மீனும் கடலையும் தட்டிலிருந்து போயின. அதனாலும் தசை குறைந்தது. நல்லதும் ஒன்று நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் மருந்தை அஞ்சலில் அனுப்பும் முறையையும், வண்டியில் இருந்தபடியே வாங்கிக்கொள்ளும் முறையையும் பெருக்கின. அரை நாள் வரிசையில் நின்று வாங்கிய மருந்து வீட்டு வாசலுக்கே வந்தது. ஆனால் மருந்து வந்த வீடுகளில், மருந்து தருமுன் எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் கை வரவில்லை.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2021 பிப்ரவரி 24-இல் முன்களப் பணியாளர்களுக்கும், ஏப்ரல் 19 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். மைசெஜாத்ரா செயலியில் பதிவு செய்ய வேண்டும் என்றபோது, பொத்தான் கைப்பேசி மட்டுமே வைத்திருந்த நம் பெரியவர்கள் திகைத்தார்கள். வேறு வழியிலும் பதியலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளைகள் தங்கள் கைப்பேசி எண்ணில் பதிந்தார்கள். நாள் குறித்து வந்த செய்தி அக்கரையில் இருக்கும் மகனின் கைப்பேசியில் போய் விழும். அவன் வேலை முடிந்து பார்த்து, அண்டை வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன கதைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அந்த அண்டை வீட்டுக்காரர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் இருந்தார்கள். 2021 ஜூன் இறுதியில், உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடியை ஏற்றுங்கள், உதவி வரும் என்ற இயக்கம் நாடெங்கும் எழுந்தபோதும் அப்படியே. உதவித் தொகையில் வாழும் முதியவர்களுக்குச் சமூக நலத்துறை மாதந்தோறும் வழங்கிவந்த 350 வெள்ளி, 2021-இல் 500 வெள்ளியாக உயர்ந்தது. அது பெரிய தொகை இல்லை. ஆனால் மகனின் பணம் நின்றுபோன வீட்டில் அதுதான் அரிசி.

சாவைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் நாட்டில் இந்நோயால் மாண்டவர்கள் 37 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். 1918-இல் உலகைச் சூறையாடிய விஷக்காய்ச்சல் நம் மலாயாத் தோட்டங்களிலும் புகுந்து, உழைத்துக்கொண்டிருந்த இளைஞர்களைக் கொண்டுபோயிற்று. இம்முறை அது தலைகீழாயிற்று. முதியவர்களிடம் இந்நோய் காய்ச்சலே இல்லாமலும் வந்தது. திடீர்க் குழப்பம், சோறு வேண்டாம் என்பது, காரணமில்லாமல் விழுவது, இவையே முதல் அடையாளமாக இருந்தன. வயதாகிவிட்டது, அதனால்தான் என்று எண்ணிச் சில வீடுகள் பொழுதை இழந்தன. நோயால் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. நீர்மாலை இல்லை, வாய்க்கரிசி இல்லை. வேறு நோயில் இறந்தவர்களுக்குக்கூட எண்ணிவிட்ட ஆட்களே வரலாம் என்றிருந்தது. ஐம்பதாண்டுக் கூட்டாளி போய்விட்டார் என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, தனியே உட்கார்ந்து அழுத பெரியவர்கள் இருக்கிறார்கள். பதினாறாம் நாள் கூட்டத்தில் கரைந்திருக்க வேண்டிய துக்கம் இன்னும் அவர்களுக்குள் அப்படியே கிடக்கிறது.

முதியோர் இல்லங்களில் நிலைமை இதைவிடக் கடினம். உறவினர் வருகை நிறுத்தப்பட்டது, நிறுத்தியதும் சரியே. ஆனால் நான் அறிந்த ஓர் இல்லத்தில், வாரம் ஒரு முறையாவது கைப்பேசியில் முகத்தைக் காட்டுங்கள் என்று பிள்ளைகள் கெஞ்சியும், ஆள் பற்றாக்குறை என்று மறுத்துவிட்டார்கள். கதவைச் சாத்துவதற்கு ஆணை இருந்தது. சன்னலைச் சாத்துவதற்கு ஆணை எதுவும் இருக்கவில்லை.

நேயர்களே, 2022 ஏப்ரல் முதல் நாள் நம் நாடு கட்டுப்பாடுகளைத் தளர்த்தி இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பியது. அரசாங்க ஆணை போயிற்று. பல வீடுகளில் பெரியவர்களுக்கு மட்டும் அந்த ஆணை இன்னும் நடப்பில் இருக்கிறது. "வெளியே போகாதேப்பா, கூட்டம்." "நீ எதுக்கும்மா வர்றே, நானே வாங்கிட்டு வர்றேன்." "கோயிலுக்கு வேணாம், வெயில்." அன்பினால்தான் சொல்கிறோம். 2020-இல் இந்தச் சொற்கள் உயிரைக் காத்தன. இன்று இதே சொற்கள் காலைக் கட்டிப்போடுகின்றன. அந்த இரண்டு ஆண்டில் அவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொண்ட வேலைகளை, அதாவது சந்தைக்குப் போவதை, கட்டணம் கட்டுவதை, பேரனை அழைத்துவருவதை, பல வீடுகளில் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. வேலையில்லாத பெரியவர் தம்மை வேண்டாத பொருளாக எண்ணத் தொடங்கிவிடுகிறார். என் கருத்தில், நோய் விட்டுச்சென்ற தீங்குகளில் இதுவே பெரிது. மருந்துக் கடையில் இதற்கு மருந்தும் இல்லை.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் காலைச் சோதித்துப் பாருங்கள். கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். பெரியவர் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து எழுந்து உட்காரட்டும். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். இதற்கு 15 வினாடிக்கு மேல் ஆனால், அல்லது கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால், கால் வலு குறைந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும். முதலில் கையை ஊன்றிக்கொண்டு, பிறகு ஊன்றாமல், காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் முதியோருக்குச் சொல்வது வாரத்தில் 150 நிமிட நடை. அதோடு நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாள். 150 நிமிடம் என்றால் பயந்துவிட வேண்டாம். கோயிலுக்கு நடந்து போய்த் திரும்பப் பத்துப் பதினோரு நிமிடம் ஆகிறது என்றால், காலையும் மாலையும் போய்வந்தாலே வாரக் கணக்கு நிறைந்துவிடும்.

தட்டில் தினமும் ஒரு முட்டையோ, மீனோ, பருப்போ, தவ்வோ இருக்கட்டும். பல் இல்லாதவருக்கு நெத்திலியை வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது இருமல் சளி என்றால், இன்றைக்கும் அவர்தான் முகக்கவரி அணிய வேண்டும். பெரியவரை அறையில் அடைக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை கிளினிக்கில் தவணை வரும்போது, நீங்கள் மட்டும் அட்டையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பெரியவரையும் அழைத்துப் போங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும், பழையதோ புதியதோ, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள். மருத்துவர் கேள்வி கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் அவரையே சொல்லவிடுங்கள். காது மந்தம் என்றால் முகத்துக்கு நேரே மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து, சீனி குறைத்து ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். அங்கே பழைய தோட்டத்துக் கூட்டாளி ஒருவர் எதிர்ப்பட்டால், அவசரப்படுத்தாமல் பேசவிடுங்கள்.